டிரையத்லான் பயிற்சியோடு முதல் நெட்டோட்டம்: மூச்சு தயார், கால் தயாரா?

வாரத்தில் இரண்டு நாள் நீச்சல் குளம், இரண்டு நாள் சைக்கிள், இடையிடையே ஓட்டம் என்று டிரையத்லானுக்குத் தயாராகும் பலருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ஓர் எண்ணம் எழும். இவ்வளவு செய்கிறோமே, ஆண்டிறுதியில் ஒரு முழு நெட்டோட்டத்தையும் ஓடிவிட்டால் என்ன? எண்ணத்தில் தவறில்லை. ஆனால், டிரையத்லானில் ஓடும் தூரத்தைச் சற்று நீட்டினால் அதுவே நெட்டோட்டம் என்று கணக்குப் போட்டுப் பெயர் கொடுப்பவர்களில் பலர் குதிகால் வலியோடோ முழங்கால் வலியோடோ தொடக்கக் கோட்டுக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள்.

தூரங்களை முதலில் பார்த்துவிடலாம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான டிரையத்லானில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். புதியவர்கள் தொடங்கும் ‘ஸ்பிரின்ட்’ பிரிவு இதில் சரிபாதி. பாதி ‘அயர்ன்மேன்’ எனப்படும் 70.3 போட்டியில் ஓட்டம் 21.1 கிலோமீட்டர். 1978ல் ஹவாயியில் தொடங்கிய முழு அயர்ன்மேனில்தான் 3.8 கிலோமீட்டர் நீச்சலுக்கும் 180 கிலோமீட்டர் சைக்கிளுக்கும் பிறகு ஒரு முழு நெட்டோட்டம் வருகிறது. அதாவது, ஒலிம்பிக் தூர டிரையத்லானுக்குப் பயிற்சி செய்பவருக்கு 42.195 கிலோமீட்டர் என்பது அவர் போட்டியில் ஓடும் தூரத்தைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம்.

இதயம் சொல்வது ஒன்று, எலும்பு சொல்வது ஒன்று

நீச்சலும் சைக்கிளும் இதயத்தையும் நுரையீரலையும் நன்றாக வளர்க்கின்றன. மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்கு இரண்டு மணி நேர ஓட்டம் மூச்சு வாங்க வைக்காது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நீரில் உடல் மிதக்கிறது. சைக்கிளில் இருக்கை எடையைத் தாங்குகிறது. ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது.

நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் முடிப்பவர் ஏறக்குறைய 10,000 அடிகள் வைக்கிறார். அதே வேகத்தில் அடி எடுத்து நெட்டோட்டத்தை நான்கரை மணி நேரத்தில் முடிப்பவர் வைப்பது ஏறக்குறைய 46,000 அடிகள். இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டியவை எலும்பு, தசைநாண், பாதத்தின் அடித்தசை ஆகியவை. இதயம் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாணும் எலும்பும் பழகப் பல மாதங்கள் ஆகும்.

வெறும் ஓட்டக்காரருக்கு மூச்சுத் திணறலே ஓர் எச்சரிக்கை மணி. அவர் அளவுக்கு மீறுமுன் நுரையீரல் அவரை நிறுத்திவிடும். டிரையத்லான் பயிற்சியாளருக்கு அந்த மணி அடிப்பதில்லை. அதனால்தான் உடல் வலுவில் குறையில்லாத இவர்களுக்குக் கணைக்கால் எலும்பில் நுண்முறிவு ஏற்படும்போது, ‘நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தேன்’ என்ற திகைப்பும் சேர்ந்து வருகிறது.

எனவே, நெட்டோட்டத் தயாரிப்பின் வேகத்தை மூச்சு தீர்மானிக்கக் கூடாது. கால் தீர்மானிக்க வேண்டும். வாரத்துக்கு 15 கிலோமீட்டர் ஓடுபவர், சைக்கிளில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், 15 கிலோமீட்டர் ஓட்டக்காரராகவே தொடங்க வேண்டும். தேசிய சேவை உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டரில் தங்கத் தரம் எடுப்பவருக்கும் இதே விதிதான்.

நாட்காட்டியைப் பின்னிருந்து எண்ணுதல்

சிங்கப்பூர் நெட்டோட்டம் பொதுவாக டிசம்பர் தொடக்கத்தை ஒட்டி நடைபெறுகிறது. ஏற்கெனவே டிரையத்லான் அடித்தளம் உள்ளவர் 16 வாரங்களாவது ஒதுக்க வேண்டும். ஆகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கினால்தான் அது கிடைக்கும். ஓட்டமே குறைவாக உள்ளவருக்கு 20 வாரங்கள் நல்லது.

இந்த இடைவெளிக்குள் டிரையத்லான் போட்டி எங்கே விழுகிறது என்பதே முக்கியக் கேள்வி. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரு ஒலிம்பிக் தூரப் போட்டியை முடித்துவிட்டு, ஒரு வாரம் ஓய்வெடுத்து, பிறகு முழுக் கவனத்தையும் ஓட்டத்தின்மீது திருப்புவது வசதியான வரிசை. லங்காவியில் வழக்கமாக நவம்பரில் நடக்கும் அயர்ன்மேன் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர், சில வாரங்களில் வரும் சிங்கப்பூர் நெட்டோட்டத்தைத் தமது முதல் தனி நெட்டோட்டமாக வைத்துக்கொள்வது விவேகமல்ல. உடல் தேறவும் நேரமில்லை, புதிதாகப் பயிற்சி செய்யவும் நேரமில்லை. இரண்டில் எது இந்த ஆண்டின் முதன்மைப் போட்டி என்று முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வைத்துவிடுவது, பிற்பாடு பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

இடையில் ஓர் அரை நெட்டோட்டம் ஓடிப் பார்ப்பது பயனுள்ளது. சஃப்ரா சிங்கப்பூர் பே ரன், ராணுவ அரை நெட்டோட்டம் என்று சேர்ந்தே நடத்தப்படும் போட்டி வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வருவதால் அந்தத் தேவைக்குப் பொருந்துகிறது. அங்கே கிடைக்கும் நேரத்தை வைத்தே நெட்டோட்ட வேகத்தைக் கணக்கிடலாம். அதைப் பின்னர் பார்ப்போம்.

வாரம் எப்படி அமையும்

வேலை, குடும்பம் இரண்டும் உள்ளவருக்கு வாரத்தில் எட்டு முதல் பத்து மணி நேரமே கிடைக்கும். மூன்று விளையாட்டுகளுக்கும் அதைச் சமமாகப் பங்கிட்டால் மூன்றிலும் சுமாரான நிலையே மிஞ்சும். நெட்டோட்டத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் ஓட்டம் நான்கு நாள், சைக்கிள் இரண்டு நாள், நீச்சல் ஒன்று அல்லது இரண்டு நாள் என்று சாய்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். நீச்சல் திறன் மெதுவாகத்தான் மங்கும். நுட்பத்தை மறக்காத அளவுக்கு வாரம் ஒருமுறை தண்ணீரில் இறங்கினாலே போதும்.

நான்கு ஓட்டங்களில் ஒன்று நீண்ட ஓட்டம். ஒன்று நடுத்தரமானது, 10 முதல் 14 கிலோமீட்டர். மற்றொன்றில் சற்றே கடினமான வேகம் இருக்கலாம். நான்காவது, சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடும் 15 முதல் 20 நிமிடம். சைக்கிளுக்குப் பின் ஓடும் பயிற்சியை டிரையத்லான்காரர்கள் கைவிட விரும்புவதில்லை. முழுவதும் கைவிடவும் வேண்டாம். களைத்த தொடையோடு ஓடிப் பழகுவது நெட்டோட்டத்தின் கடைசிப் பத்து கிலோமீட்டருக்கும் உதவும். ஆனால் அதை ஒரு மணி நேரமாக நீட்டி, மறுநாளே 28 கிலோமீட்டர் ஓடுவது காயத்துக்கான நேர்வழி.

சனிக்கிழமை நெடிய சைக்கிள் பயணம், ஞாயிற்றுக்கிழமை நெடிய ஓட்டம் என்பது டிரையத்லான் குழுக்களில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. முதல் நெட்டோட்டத்துக்குத் தயாராகும் ஒருவர் இந்தச் சடங்கை உடைப்பதே நல்லது. ஒரு வார இறுதியில் 80 கிலோமீட்டர் சைக்கிளும் 14 கிலோமீட்டர் ஓட்டமும், அடுத்த வார இறுதியில் ஒன்றரை மணி நேரச் சைக்கிளும் 26 கிலோமீட்டர் ஓட்டமும் என்று மாற்றி மாற்றி வைத்தால், நீண்ட ஓட்டம் புத்துணர்வுள்ள காலில் நடக்கும். ஓடும் முறை குலைந்த நிலையில் இரண்டு மணி நேரம் ஓடுவதால் வரும் கேடு குறையும்.

நீண்ட ஓட்டம் 14 கிலோமீட்டரில் தொடங்கி, இரண்டு மூன்று கிலோமீட்டராகக் கூடி, 29 முதல் 32 கிலோமீட்டரில் நிற்க வேண்டும். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் கால்பங்காவது குறைக்க வேண்டும். முழு 42 கிலோமீட்டரையும் பயிற்சியில் ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அதிலிருந்து தேற எடுக்கும் நாட்கள் பயிற்சியையே தின்றுவிடும். மூன்றரை மணி நேரத்தைத் தாண்டியும் 32 கிலோமீட்டர் முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கடைசிப் பெரிய ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன் முடிந்துவிட வேண்டும்.

நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் நீச்சலைப்போன்ற நல்ல மருந்து வேறில்லை. அன்று தூரமும் நேரமும் பார்க்க வேண்டாம். கால்களுக்கிடையில் மிதவையை வைத்து அரை மணி நேரம் நீந்தினால் போதும். மாறாக, நீண்ட ஓட்டத்துக்கு முந்திய மாலையில் காலுதைப்புப் பயிற்சி செய்தால் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

எங்கே ஓடுவது, எங்கே ஓட்டுவது

நீண்ட ஓட்டத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சமதளம் வசதி. பழைய மலாயா ரயில்தடத்தின் மீது அமைந்த 24 கிலோமீட்டர் ரயில் காரிடாரில் பெரும்பாலான இடங்களில் தரை மென்மை. போக்குவரத்து விளக்குக்காக நிற்க வேண்டியதும் குறைவு. ஜூரோங் லேக் கார்டன்ஸிலிருந்து கோனித் தீவு வரை செல்லும் 36 கிலோமீட்டர் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ தடத்தில் பகுதி பகுதியாக ஓடலாம். மெக்ரிட்சியின் மேடுபள்ளம் தொடைக்கு வலு சேர்க்கும். ஆனால் நெட்டோட்டம் நடப்பது தார்ச்சாலையிலும் கான்கிரீட்டிலும். எனவே நீண்ட ஓட்டங்களில் பாதியாவது கெட்டித் தரையில் இருக்க வேண்டும்.

சைக்கிளுக்கு வரும்போது சட்டம் குறுக்கிடும். பூங்கா இணைப்புப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. பயிற்சி வேகத்தில் செல்ல விரும்புபவர் சாலைக்குத்தான் போக வேண்டும். அங்கே தலைக்கவசம் கட்டாயம். 2022 ஜனவரி 1 முதல் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களுக்கு மேல் போகக் கூடாது. இருவர் இருவராகச் சென்றால் பத்துப் பேர். நெட்டோட்டத்துக்கு நெருங்கிய ஆறு வாரங்களில் சாலைப் பயணத்தைக் குறைத்து, வீட்டிலேயே நிலைச் சைக்கிளில் ஓட்டுபவர்களும் உண்டு. விழுந்து எழும் வாய்ப்பாவது மிச்சம்.

வெப்பம் என்னும் நான்காவது போட்டி

சிங்கப்பூரில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ காலை ஏழு மணிக்கு. அதற்கு முன் ஓடினால் வெயில் இல்லை என்பது உண்மை. ஆனால் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பிற்பகலில்தான் அது 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் உடலில் நீர்தான் குறையும், சூடு குறையாது. சைக்கிளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எதிர்காற்று உடலை உலர்த்துகிறது. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு அந்தக் காற்று கிடையாது. சைக்கிளில் போதுமாக இருந்த தண்ணீர்க் கணக்கு ஓட்டத்தில் பொய்த்துப்போவது இதனால்தான்.

வெப்பமண்டலத்தில் பிறந்து வளர்ந்ததாலேயே உடல் பழகியிருக்கும் என்று நம்ப வேண்டாம். குளிரூட்டப்பட்ட அலுவலகம், குளிரூட்டப்பட்ட ரயில், குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடம் என்று நாள் கழிப்பவரின் உடல் பழகவில்லை. வெளியே தொடர்ந்து 10 முதல் 14 நாள் பயிற்சி செய்தால் பழகும்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வெயிலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ‘டபிள்யூபிஜிடி’ அளவை வெளியிடுகிறது. 31 டிகிரிக்குக் கீழ் இருந்தால் குறைந்த வெப்ப அழுத்தம். 31லிருந்து 33க்குள் மிதமானது. 33 டிகிரியும் அதற்கு மேலும் கடுமையானது. கடுமையான நேரத்தில் நீண்ட ஓட்டம் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ குறியீடு 100ஐத் தாண்டினால் ஓட்டத்தை வீட்டுக்குள் மாற்ற வேண்டும்.

ஓடுபவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால் அது வெறும் களைப்பல்ல. வெப்பத் தாக்கமாக இருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. 995ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் படுக்கவைத்து, கிடைக்கும் குளிர்ந்த நீரை எல்லாம் உடல்மீது ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். தனியே ஓடுபவருக்கு இதைச் செய்ய ஆளிருக்காது என்பதால், நீண்ட ஓட்டத்துக்குத் துணை வைத்துக்கொள்வதும் வீட்டில் வழித்தடத்தைச் சொல்லிவிட்டுப் போவதும் அவசியம்.

தண்ணீரில் மறுபக்க ஆபத்தும் உண்டு. தாகம் இல்லாதபோதும் ஒவ்வொரு நீர் நிலையத்திலும் வயிறு நிறையக் குடிப்பவரின் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் நெட்டோட்டத்தில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இந்த நிலை இருந்தது. மெதுவாக ஓடியவர்களும் ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் அதில் அதிகம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தேவை தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அந்த அளவைத் தாண்டிக் குடிக்கத் தேவையில்லை. ஓட்டத்துக்கு முன் வலி நிவாரண மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அறவே விட வேண்டும். ஐபுபுரோஃபென் போன்றவை நீர் குறைந்த உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

இட்லியும் ஜெல்லும்

70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 70 கலோரி செலவாகும். 42 கிலோமீட்டருக்கு 3,000 கலோரியை ஒட்டி வரும். தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்திருப்பது ஏறத்தாழ 2,000 கலோரிதான். 30 கிலோமீட்டர் வாக்கில் கால் ஈயமாகக் கனப்பதற்கு இந்தப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டால் அந்தத் தருணத்தைத் தள்ளிப்போடலாம். ஒரு ஜெல் பொட்டலத்தில் 20 முதல் 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழமும் உதவும்.

சைக்கிளில் வயிறு ஆடுவதில்லை. காயா ரொட்டியையும் தின்றுகொண்டே போகலாம். ஓட்டத்தில் அதே வயிறு ஒவ்வோர் அடிக்கும் குலுங்கும். எனவே போட்டியில் எதைச் சாப்பிடப் போகிறோமோ அதை நீண்ட ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். விடியுமுன் நான்கரை மணிக்குத் தொடங்கும் போட்டி என்றால் காலை உணவு இரண்டு மணிக்கு. அந்நேரத்துக்கு மூன்று இட்லியில் சிறிது சர்க்கரை, அல்லது ரொட்டியும் வாழைப்பழமும் பொருந்தும். சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் அன்று வேண்டாம். பருப்பும் கொழுப்பும் ஓட்டத்தின் நடுவே கழிப்பறையைத் தேட வைக்கும். முந்திய இரண்டு நாட்களில் சோற்றைக் கூட்டி, பொரித்ததையும் காய்கறி நார்ச்சத்தையும் குறைத்தால் போதும்.

டிசம்பர் நெட்டோட்டத்துக்குத் தயாராகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தீபாவளி அக்டோபர் பிற்பாதியிலோ நவம்பர் முற்பாதியிலோ வரும். பயிற்சி உச்சத்தில் இருக்கும் வாரங்கள் அவை. அந்த வாரத்தைக் குறைப்பு வாரமாக முன்கூட்டியே அமைத்துவிட்டால், முறுக்கும் உறவினரும் நீண்ட ஓட்டத்தோடு மோதமாட்டார்கள். விட்டுப்போன 28 கிலோமீட்டரை வாரநாளில் ஈடுகட்ட முயல்வதைவிட இது மேல்.

சைவ உணவுக்காரர்களும் மாதவிடாய் உள்ள பெண்களும் பயிற்சி தொடங்குமுன் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதிப்பது நல்லது. சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், குடும்பத்தில் இள வயதில் இதய நோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் பெயர் கொடுக்கவே கூடாது. நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான இதயத்துடிப்பு ஆகியவை பயிற்சியின்போது வந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

வலி வரும்போது

பயிற்சி வலியையும் காய வலியையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இரண்டு தொடையிலும் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் பெரும்பாலும் பயிற்சி வலி. ஒரு காலில் மட்டும், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், அதுவும் எலும்பின் மீது வலித்து, ஓட ஓடக் கூடினால் அது வேறு. ஒற்றைக் காலில் குதிக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இங்கேதான் டிரையத்லான்காரருக்கு ஒரு வரம்: மருத்துவர் அனுமதித்தால் நீச்சலும் சைக்கிளும் தொடரலாம், இதயத்தின் வலு கெடாது. வெறும் ஓட்டக்காரருக்கு இந்த வசதி இல்லை.

போட்டி நாள்

அரை நெட்டோட்ட நேரத்தை இரண்டால் பெருக்கி 15 முதல் 20 நிமிடம் கூட்டினால் உத்தேச நேரம் கிடைக்கும். 2 மணி 15 நிமிடத்தில் ஓடியவர் 4 மணி 50 நிமிடத்தைக் குறிவைக்கலாம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 நிமிடம் 50 விநாடி. அரை நெட்டோட்டத்தில் அவர் ஓடியது 6 நிமிடம் 24 விநாடி என்பதால் முதல் பத்து கிலோமீட்டர் அவருக்கு எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும். தோன்றட்டும். டிரையத்லானின் கடைசிக் கட்டத்தில் மிச்சமிருப்பதைக் கொட்டி ஓடிப் பழகிய கால் இது. நெட்டோட்டத்தில் அந்தப் பழக்கம் 32ஆவது கிலோமீட்டரில் பழிவாங்கும்.

ஓட்டமும் நடையும் கலப்பதில் வெட்கமில்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே அதை ஒரு பயிற்சி முறையாகவே பரப்பினார். களைத்த பின் நடப்பதைவிட, முதல் கிலோமீட்டரிலிருந்தே ஒவ்வொரு நீர் நிலையத்திலும் ஒரு நிமிடம் நடப்பது பலன் தரும்.

காலுறை இல்லாமல் ஐந்து கிலோமீட்டர் ஓடும் டிரையத்லான் வழக்கம் இங்கே உதவாது. டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். நனைந்த காலணியில் காலுறையும் இன்றி நான்கு மணி நேரம் ஓடினால் பாதம் கொப்புளமாகும். அக்குள், உள்தொடை, மார்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். காலணி புதிதாக இருக்கக் கூடாது. ஒரு நீண்ட ஓட்டமாவது அதில் ஓடியிருக்க வேண்டும். இடி மின்னலால் போட்டி தாமதமாகலாம், பாதியில் நிறுத்தப்படவும் கூடும் என்பதையும் எண்ணிச் செல்ல வேண்டும்.

முடித்த பிறகு மூன்று நாள் நடை மட்டும். நான்காம் நாள் நீச்சல் குளத்தில் இறங்கலாம். தோல் உரிந்த இடங்கள் ஆறியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மெதுவான சைக்கிள். ஓட்டத்துக்கு இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். மூச்சு அதற்குள் பலமுறை ‘தயார்’ என்று சொல்லியிருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருப்பவர், ஜனவரி முழுவதும் நீச்சலுக்கும் சைக்கிளுக்குமே முதலிடம் தந்து, நீண்ட ஓட்டத்தை 12 கிலோமீட்டரிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.